பராமரிப்பின்றி வாடிய ஆர்க்கிட்டை மீட்டெடுத்துத் தொட்டி மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஆர்க்கிட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இனி இதைக் காப்பாற்ற முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது ஃபெலனாப்சிஸ் வகை என்பதால், வேறு வகையின் பெயரைக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் அதைப் பற்றியே பேசப்படுகிறது. டென்ட்ரோபியம், கேட்லியா, வாண்டா ஆகியவற்றுக்கான வேறுபாடுகள் பின்னால் தனியாக வருகின்றன.

செடிக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

முதலில் குருத்தைப் பாருங்கள். மேலிலைகள் இரண்டும் சேரும் நடுப்பகுதி பச்சையாகவும் தொட்டால் உறுதியாகவும் இருந்தால், வேர்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தாலும் மீட்பதற்கு வழி உண்டு. குருத்து கறுத்து, விரல் பட்டாலே குழைந்து, இலைகள் அடியோடு கழன்று வருமானால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. பூக்கள் உதிர்ந்ததையோ, அடியிலை ஒன்று மஞ்சளாகி விழுந்ததையோ சாவின் அறிகுறியாகக் கொள்ள வேண்டாம். பூ உதிர்வது அதன் பருவம். மிகப் பழைய இலை மஞ்சளாவது அதன் வயது. பூ முடிந்தவுடன் செடியே முடிந்துவிட்டதென்று தூக்கி எறியப்படும் ஆர்க்கிட்டுகளில் பல நலமாகவே இருக்கின்றன.

இலைகள் சுருங்கித் தொங்குகின்றன. தண்ணீர் போதவில்லை என்றுதானே பொருள்?

இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் உறுதி. ஏன் சேரவில்லை என்பதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கின்றன: தொட்டியில் தண்ணீரே இல்லாமல் இருக்கலாம், அல்லது தண்ணீர் மிகுந்து வேர்கள் அழுகிவிட்டதால் உறிஞ்சுவதற்கு ஆளில்லாமல் போயிருக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது நிலையில் உள்ள செடிக்கு இரக்கப்பட்டு மேலும் தண்ணீர் ஊற்றினால், எஞ்சிய வேர்களும் போய்விடும். எனவே இலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். தொட்டி இறகு போல் லேசாக இருந்து, வேர்கள் வெள்ளி நிறத்தில் உறுதியாகவும் இருந்தால் அது தாகம். தொட்டி கனமாகவும் வேர்கள் பழுப்பாகவும் கொழகொழப்பாகவும் இருந்தால் அது அழுகல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆழமாகச் சுருக்கம் விழுந்த பழைய இலைகள், செடி தேறிய பிறகும் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புதிதாக வரும் இலை விறைப்பாக இருக்கிறதா என்பதே சரியான அளவுகோல்.

வேர் ஏன் இவ்வளவு எளிதில் அழுகுகிறது?

ஃபெலனாப்சிஸ் மண்ணில் வளரும் செடி அன்று. அது மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, மரத்திலிருந்து உணவு எதையும் எடுக்காமல் வாழும் தொற்றுத் தாவரம். மழை பெய்யும்போது நனைந்து, மழை நின்றவுடன் காற்றில் உலர்ந்துவிடும் வாழ்க்கைக்கு ஏற்ப அதன் வேர் அமைந்திருக்கிறது. வேரைச் சுற்றி வெலமன் எனப்படும் உறை ஒன்று உள்ளது. பல அடுக்குகளாலான இறந்த செல்களைக் கொண்ட இந்த உறை, தண்ணீர் பட்ட சில நிமிடங்களிலேயே அதை ஈர்த்துத் தேக்கி, உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதிக்குக் கொடுக்கிறது. உலர்ந்திருக்கும்போது உறைக்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளியாகத் தெரிகிறது; நனைந்தவுடன் உறை ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது.

உள்ளிருக்கும் உயிருள்ள பகுதிக்குத் தண்ணீரைப் போலவே உயிர்வளியும் தேவை. புதிய மரப்பட்டைத் துண்டுகளுக்கு இடையே காற்றுக்கு நிறைய இடம் இருக்கும். ஆனால் அந்தப் பட்டை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மக்கிப் பொடியாகி, இடைவெளிகளை அடைத்துக்கொண்டு, ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கத் தொடங்கும். அப்போது வேர் மூச்சு முட்டித்தான் முதலில் இறக்கிறது. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பெரும்பாலும் அதன் பிறகே வந்து சேர்கின்றன. அதனால்தான் பூஞ்சைக்கொல்லியை ஊற்றிவிட்டுப் பழைய கலவையை அப்படியே விடுவதால் பயன் கிடைப்பதில்லை.

கடையிலிருந்து வந்த செடிகளில் இன்னொரு மறைவான காரணமும் உண்டு. நாற்றுப் பருவத்தில் பாசியாலோ நுரைப்பொருளாலோ ஆன சிறிய உருண்டையில் அவற்றை வளர்த்து, பிறகு உருண்டையோடு பெரிய தொட்டிக்கு மாற்றியிருப்பார்கள். மேலே பட்டைத் துண்டுகள் உலர்ந்து தெரியும். தண்டின் அடியில் உள்ள உருண்டை மட்டும் நாட்கணக்கில் சொட்டச் சொட்ட இருக்கும். தொட்டி மாற்றும்போது அதைத் தேடிப் பிடித்து, வேர்களுக்கு இடையிலிருந்து மெதுவாகப் பிய்த்து எடுத்துவிட வேண்டும்.

செடி பூத்திருக்கிறது. இப்போது தொட்டி மாற்றலாமா?

வேர்கள் நலமாக இருந்தால் பூ முடியும்வரை காத்திருங்கள். புதிய வேர் நுனிகள் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ தலைகாட்டும் காலமே தொட்டி மாற்ற மிக ஏற்றது. வேர்கள் அழுகிக்கொண்டிருந்தால் பருவம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே மாற்றுங்கள், பூந்தண்டை வெட்டிக் குவளையில் வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கருவிகள் தேவை? அவற்றைச் சுத்தம் செய்வது அவ்வளவு முக்கியமா?

கூரான கத்தரிக்கோல் அல்லது புதிய சவரத் தகடு, ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், புதிய கலவை, தொட்டி, செடி ஆடாமல் கட்டுவதற்கு ஒரு குச்சி ஆகியவை போதும்.

சுத்தம் மிக முக்கியம். சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஒடோன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸ் என்னும் இரண்டும் ஆர்க்கிட்டுகளில் உலகெங்கும் பரவலாகக் காணப்படுபவை. வெட்டும் கருவியில் ஒட்டிய சாற்றின் வழியாக அவை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் உதவும், ஆனால் வைரஸுக்கு அதை நம்ப முடியாது. கருவியைத் தீச்சுடரில் நன்கு காட்டி ஆறவிடுவது அதைவிட உறுதியான வழி. ஆல்கஹால் தடவிய கருவியை ஈரம் காயுமுன் சுடர் அருகே கொண்டுபோக வேண்டாம். செடிக்கு ஒரு புதிய தகடு என்று வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளியது. ஒரு செடியை ஊறவைத்த தண்ணீரில் அடுத்த செடியை ஊறவைக்கவும் கூடாது.

செடியை எப்படி வெளியே எடுப்பது? எந்த வேரை வெட்டுவது, எதை விடுவது?

தொட்டியோடு சேர்த்துக் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால், விறைத்திருந்த வேர்கள் வளைந்துகொடுக்கும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் பக்கங்களை அமுக்கித் தளர்த்துங்கள். வராவிட்டால் தொட்டியை வெட்டிவிடுவதே மேல். மண் தொட்டியின் சுவரில் ஒட்டிய வேர்களின் அடியில் மழுங்கலான கத்தியை மெல்லச் செருகி விடுவியுங்கள். பழைய கலவை முழுவதையும் உதிர்த்து, ஓடும் தண்ணீரில் வேர்களைக் கழுவுங்கள். ஒரு பட்டைத் துண்டை வேர் இறுகப் பற்றியிருந்தால், அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்து ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் அவசரம் கூடாது. இங்கே கண்ணைவிட விரலை நம்புவதே நல்லது, ஏனென்றால் ஒளி படாமல் தொட்டியின் நடுவே வளர்ந்த வேர்கள் பச்சையாக இல்லாமல் மஞ்சளாகவோ, பட்டையின் கறை ஏறிப் பழுப்பாகவோ இருந்தாலும் முழு நலத்தோடு இருக்கக்கூடும். உறுதியாக இருக்கும் வேர், என்ன நிறமாக இருந்தாலும் இருக்கட்டும். அழுத்தியவுடன் தண்ணீர் கசிந்து நசுங்குவதும், உள்ளீடற்றுக் காகிதம் போல் தட்டையாவதும் இறந்தவை. அவற்றை உயிருள்ள பகுதி தொடங்கும் இடம்வரை வெட்டிவிடுங்கள். சில வேர்களில் நடுவே உறை உரிந்து நூல் போன்ற நரம்பு மட்டும் நின்றாலும், அதற்கு அப்பால் நுனிப்பகுதி உறுதியாக இருக்கும். செடியில் வேறு நல்ல வேர்கள் குறைவாக இருந்தால் அத்தகையவற்றையும் விட்டுவைப்பதே நல்லது.

வயதான செடிகளில் தண்டின் அடிப்பகுதி காய்ந்த கட்டையாகி, அதில் வேரே இல்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். உயிருள்ள வேர்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே உள்ள அந்தக் கட்டையை வெட்டி நீக்கினால், இலைகளுக்கு அருகில் புதிதாக விட்ட வேர்களைக் கலவைக்குள் கொண்டுவர இடம் கிடைக்கும்.

வெட்டிய இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாமா? இலவங்கப்பட்டைத் தூள்?

பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் கிருமிகள் சாவது போன்ற நிறைவு ஏற்படுகிறது. உண்மையில் அது உயிருள்ள வேர்த்திசுவையும் தாக்குகிறது. புதிய வேர் நுனிகளுக்கு அது நல்லதன்று. இலவங்கப்பட்டைத் தூளுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் தன்மை உண்டு, ஆனால் ஈரத்தை வலுவாக உறிஞ்சிவிடும். இலையிலோ தண்டிலோ ஏற்பட்ட வெட்டில் சிறிது தடவலாம். வேரில் பட்டால் நல்ல வேரும் உலர்ந்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம் செடியை வெறுமனே வைத்து வெட்டுகளை உலரவிடுவதே போதுமானது.

எந்தக் கலவையில் நடுவது?

தோட்டமண் கூடாது, எவ்வளவு வளமானதாக இருந்தாலும் கூடாது. மற்றவற்றைப் பொறுத்தவரை, உங்கள் கையின் பழக்கமும் வீட்டின் காற்றுமே தீர்மானிக்க வேண்டும். அடிக்கடி தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாதவர்களுக்கும், ஈரப்பதம் மிகுந்த காற்றுள்ள வீடுகளுக்கும் ஓரிரு சென்டிமீட்டர் அளவுள்ள பைன் மரப்பட்டைத் துண்டுகளோடு சிறிது கரித்துண்டு கலந்தது பொருத்தமானது. தண்ணீர் ஊற்ற மறப்பவர்களும், காற்று வறண்ட இடங்களில் இருப்பவர்களும் அதில் கொஞ்சம் ஸ்பாக்னம் பாசியைச் சேர்க்கலாம். பாசியை எப்போதும் தளர்வாகவே வையுங்கள்; இறுக்கித் திணித்தால் எதிலிருந்து செடியை மீட்டோமோ அதே நிலையை மறுபடி உண்டாக்கிவிடும்.

உலர்ந்த பட்டை தண்ணீரைத் தள்ளும் என்பதால் முந்தின இரவே ஊறவைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பயன்படுத்துவதாக இருந்தால், அவற்றில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் தண்ணீரை மாற்றி மாற்றிப் பலமுறை ஊறவைத்து அலச வேண்டும். இதைச் செய்யாமல் நட்டால் வேர் நுனிகள் கருகலாம். தேங்காய் நாரின் தூளை மட்டும் தனியாகப் பயன்படுத்த வேண்டாம். அது மண்ணைப் போலவே அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு பெரிய தொட்டி?

எஞ்சியிருக்கும் வேர்கள் அடங்கும் அளவுக்கு மட்டும். இலைகளின் விரிவைப் பார்த்துத் தொட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாதி வேரை வெட்டிய செடிக்கு முன்பு இருந்ததைவிடச் சிறிய தொட்டியே பொருத்தம், ஏனெனில் வேர் எட்டாத கலவை உலராமல் அப்படியே ஈரமாக நின்றுவிடும். ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியில் வேரின் நிறத்தையும் ஈரத்தையும் வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பதால், மீட்கப்படும் செடிக்கு அதைவிட வசதியானது வேறில்லை. அடியிலும் பக்கங்களிலும் துளைகள் வேண்டும்.

நடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அடியிலை தண்டோடு சேரும் இடம் கலவையின் மேற்பரப்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே புதைத்தால் தண்டு அழுகும். வேர்களைத் தொட்டிக்குள் மெல்லச் சுழற்றி இறக்கி, கலவையைப் பக்கங்களிலிருந்து சிறிது சிறிதாகப் போட்டு, தொட்டியைத் தட்டித் தட்டி இடைவெளிகளை நிரப்புங்கள். வெளிக்காற்றில் வளர்ந்து பழகிய வேர்களை வலிந்து உள்ளே நுழைக்க வேண்டியதில்லை. வேர் குறைந்த செடி தொட்டியில் ஆடும். ஒவ்வொரு அசைவிலும் புதிய வேர் நுனி உராய்ந்து சிதையும் என்பதால், ஒரு குச்சியை ஊன்றி அதில் கட்டிவிடுங்கள். இதைப் பலரும் அலங்காரத்துக்கானது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

மாற்றிய பிறகு எப்போது, எப்படித் தண்ணீர் ஊற்றுவது?

வெட்டு அதிகம் இல்லையென்றால் உடனே ஊற்றலாம். பல வேர்களை வெட்டியிருந்தால் இரண்டு மூன்று நாட்கள் பொறுத்திருங்கள். ஊறவைத்த பட்டையில் உள்ள ஈரமே அதுவரை போதும். அதன் பிறகு நாட்களை எண்ணி ஊற்றுவதை விட்டுவிட்டு, தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். எடை குறைந்து, சுவரோரம் தெரியும் வேர்கள் வெள்ளியாக மாறியிருந்தால் தண்ணீர் தேவைப்படுகிறது. ஊற்றும்போது அடித்துளை வழியாக வழிந்தோடும்வரை தாராளமாக ஊற்றி, முழுவதும் வடியவிடுங்கள். அழகுக்காக வைக்கும் வெளித்தொட்டியில் தண்ணீர் தேங்கி நின்றால் இதுவரை செய்த வேலை அனைத்தும் வீண்.

காலையில் ஊற்றுவது நல்லது. குருத்தில் தண்ணீர் தேங்கினால் மெல்லிய தாளின் முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பனிக்கட்டியை வைத்துத் தண்ணீர் கொடுக்கும் முறை, அளவு மீறாமல் இருக்க ஒரு வழியே தவிர, நலிந்த செடிக்கு அதனால் தனி நன்மை எதுவும் இல்லை. இலைகளில் அடிக்கடி தண்ணீர் தெளிப்பதும் அப்படித்தான்: செடிக்கு வேண்டிய தண்ணீர் வேர் வழியாகவே வருகிறது, தெளித்த நீரோ குருத்தில் போய்த் தேங்குகிறது.

மீளும் காலத்தில் நேரடி வெயில் படாத, ஆனால் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இலைகள் கரும்பச்சையாக மாறினால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சள் கலந்தோ சிவப்பேறியோ தெரிந்தால் வெளிச்சம் மிகுதி.

ஒரு வேர்கூட மிஞ்சவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

இரண்டு இலைகளாவது உறுதியாக இருந்து, குருத்தும் நலமாக இருந்தால் முயலலாம். வேர் இல்லாத செடி உறிஞ்சுவதைக் காட்டிலும் இலை வழியே இழப்பதுதான் அதிகம் என்பதால், அந்த இழப்பைக் குறைப்பதே இந்த முறையின் நோக்கம். ஸ்பாக்னம் பாசியை நனைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்னும் அளவுக்குப் பிழிந்து, ஒளி புகும் பையிலோ மூடியுள்ள பெட்டியிலோ மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். தண்டின் அடி பாசியை லேசாகத் தொடும்படி செடியை வைத்து, இலைகள் பாசியில் படாமல் பார்த்துக்கொண்டு மூடுங்கள். 22 முதல் 28 டிகிரி செல்சியஸ்வரை வெப்பமுள்ள வெளிச்சமான இடம் ஏற்றது. வெயில் பட்டால் மூடிய பெட்டிக்குள் செடி வெந்துவிடும். சில நாட்களுக்கு ஒருமுறை திறந்து காற்றுப் படவிட்டு, பூசணம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வேர் வருவதற்குப் பல வாரங்கள் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். எதுவும் நடக்கவில்லையே என்று செடியை நாள்தோறும் தூக்கிப் பார்ப்பதுதான் இந்த முறை தோற்பதற்கு நான் அறிந்தவரை முதன்மையான காரணம். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் சில வேர்கள் வந்ததும் மூடியைப் படிப்படியாகத் திறந்து பழக்கி, சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

உரம் போட்டால் விரைவில் தேறாதா?

தேறாது. உரத்தை எடுத்துக்கொள்ள வேர் வேண்டும்; வேர் இல்லாத தொட்டியில் உரம் வெறும் உப்பாகத் தேங்கி, வரப்போகும் நுனிகளையும் எரிக்கும். புதிய வேர் நுனிகள் நீளத் தொடங்கிய பின், உறையில் குறித்த அளவில் நான்கில் ஒரு பங்கைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கலாம். இடையிடையே வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கலவையை அலசிவிடுங்கள். கலவையின் மேலோ தொட்டி விளிம்பிலோ வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது; உரமோ கடினநீரோ காரணமாக இருக்கலாம். மழைநீர் கிடைக்குமானால் அதையே பயன்படுத்துங்கள்.

பச்சையாக இருக்கும் பூந்தண்டை வெட்ட வேண்டுமா?

நலிந்த செடியில் வெட்டிவிடுங்கள். நலமான செடியில் கணுவுக்கு மேலே வெட்டி மறுபடி பூக்கவைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் வேருக்கே வழியில்லாத செடி பூவுக்குச் செலவிடக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: தண்டின் கணுவில் பூவுக்குப் பதில் இலைகளோடு குட்டிச்செடி முளைத்திருந்தால், தண்டைத் தொடாதீர்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட சில வேர்கள் குட்டிக்கு வந்த பிறகு பிரித்து நடலாம். தாய்ச்செடி போய்விட்டாலும் அதே மலரைத் தரும் செடி கையில் இருக்கும்.

குருத்தே அழுகிவிட்டது. கைவிட வேண்டியதுதானா?

ஃபெலனாப்சிஸ் ஒற்றைக் குருத்தால் மேல்நோக்கி வளர்வது. அந்தக் குருத்து போனால் அதே தண்டில் மறு குருத்து வராது. ஆயினும் வேர்களும் கீழிலைகளும் நன்றாக இருந்தால், சில சமயம் தண்டின் அடிப்பக்கத்திலிருந்து புதிய தளிர் ஒன்று கிளம்பும். அழுகிய பகுதியை உலர்த்தி, காற்றோட்டத்தைக் கூட்டி, வழக்கம்போல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையில் நீர்க்கோத்தது போன்ற புள்ளி வேகமாகப் பரவி நாற்றமும் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். நல்ல பகுதியையும் சிறிது சேர்த்து உடனே வெட்டி, மற்றச் செடிகளிடமிருந்து விலக்கி வையுங்கள்.

பூச்சிகள் இருந்தால்?

இலையிடுக்குகளில் பஞ்சு போல் தெரிவது மாவுப்பூச்சி. இலையின் அடியில் பழுப்பு மச்சம் போல் ஒட்டியிருப்பது செதில்பூச்சி. பஞ்சுக்குச்சியில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தோய்த்துத் துடைத்தெடுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை வீதம் பலமுறை செய்ய வேண்டும். மாவுப்பூச்சி வேர்களிலும் ஒளிந்திருக்கும். தொட்டி மாற்றும் நாள்தான் அதைக் காணக் கிடைக்கும் வாய்ப்பு. தொட்டியைச் சுற்றிச் சிறு கரிய ஈக்கள் பறந்தால், கலவை மக்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டென்ட்ரோபியம், கேட்லியா, வாண்டா ஆகியவற்றுக்கும் இதே முறைதானா?

அழுகிய வேரை நீக்குவதும் சுத்தமும் எல்லாவற்றுக்கும் பொது. டென்ட்ரோபியம், கேட்லியா இரண்டும் பக்கவாட்டில் படர்ந்து, தண்ணீரையும் உணவையும் தேக்கும் போலிக்குமிழ்களை விடுபவை. அவற்றை நடும்போது பழைய குமிழ்கள் தொட்டியின் ஓரத்தை ஒட்டியும், புதிய வளர்ச்சி நடுப்பக்கம் நோக்கியும் இருக்க வேண்டும். பிரித்து நடுவதானால் ஒரு பிரிவில் மூன்று நான்கு குமிழ்களாவது இருக்கட்டும். இலையுதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும் டென்ட்ரோபியத்தை இறந்ததாக எண்ணிவிடாதீர்கள். நோபைல் போன்ற வகைகள் இயல்பாகவே இலையை உதிர்த்துவிட்டு அந்தக் குச்சிகளிலேயே பூக்கும். வாண்டாவுக்குக் கலவையே தேவையில்லை. துளையுள்ள கூடையில் வேர்கள் தொங்கும்படி விட்டு, நாள்தோறும் நனைத்தால் போதும்.

எவ்வளவு காலத்தில் தேறும்? மறுபடி எப்போது பூக்கும்?

ஃபெலனாப்சிஸ் ஆண்டுக்குச் சில இலைகளையே விடும் செடி. அதன் வேகத்துக்கு நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும். முதலில் பச்சை நுனியோடு ஒரு புதிய வேர், பிறகு ஒரு புதிய இலை என்பதே வழக்கமான வரிசை. ஓர் இலையாவது முழுதாக வளர்ந்து, அது முந்தைய இலையைவிடச் சிறுத்துப் போகாமல் இருந்தால் ஆபத்து கடந்துவிட்டது. நல்ல நிலையில் உள்ள செடியில் பூந்தண்டு உருவாக வெப்பம் சில வாரங்களுக்கு 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே நீடித்தால் இலைகளை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். வேர் மிகுதியாக இழந்த செடி மறுபடி பூக்க ஓராண்டுக்கு மேல் ஆவது இயல்பு. அதற்கு முன்பே, இரண்டு இலைகளோடு மெலிந்து நிற்கும் நிலையில் பூந்தண்டு ஒன்று எட்டிப் பார்த்தால், விரல் நீளம் வளர்வதற்குள் அதைக் கிள்ளிவிடுங்கள்.